பாக்கியம் கொடுக்காத சாவி

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. எதிர் வீட்டில் வாளித் தண்ணீரைக் கொட்டும் சத்தம். பின்னாலேயே விளக்குமாறு சளக் சளக்கென்று.

எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? என் சுபாவம் அப்படி. (என் வீட்டுக்காரர் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார். அச்சில் போட முடியாது.)

வீட்டுச் சாமான் முழுக்க வாசலில் கிடந்தது. மெத்தை, மண்ணெண்ணெய் அடுப்பு, தையல் மெஷின், தகரப் பெட்டி. பெட்டிமேல் முருகன் படமும் மாரியம்மன் படமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன. உள்ளே பாக்கியம், கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையை உரசு உரசென்று உரசிக்கொண்டிருந்தாள்.

“என்னா பாக்கியம், தீபாவளிக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டியா?”

“இல்லக்கா. வீட்ட ஒப்படைக்கணும் லா.”

“யாரு கேட்டாங்க?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை.

“யாரும் கேக்கலக்கா. அவருக்குத்தான் வேலை போயிருச்சே.”

பாக்கியத்தை உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். ஈப்போவை ஒட்டின எங்கள் ஜெலாப்பாங்கில் எனக்கு எதிர் வீட்டுக்காரி. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தோட்டம் கை மாறியபோது புருஷனோடு ஈப்போவுக்கு வந்தவள். புருஷன் மாரிமுத்து பலகை ஃபேக்டரியில் வேலை பார்த்தான். இவளுக்கு ரப்பர் கையுறை செய்கிற ஃபேக்டரியில் வேலை. அவனுடைய ஃபேக்டரியில் ஒரு பகுதியை மூடிவிட்டார்கள். அந்த வாரம்தான் அவனுக்கு வேலை போனது.

சரி, வேலை போனது. அதற்கு ஏன் தரையைக் கழுவ வேண்டும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. லயத்து வீடு, தோட்டத்துக்காரன் வரிசையாகக் கட்டிக் கொடுத்தது, வேலையோடு ஒட்டினது. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பேரை வெட்டினால் வீடும் போச்சு. சாமானை வெளியே எடுத்து வைப்பார்கள். தரையைக் கழுவி விடுவார்கள். “அசிங்கமா விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று பின்னால் வருகிறவர்கள் பேசிவிடக் கூடாது பாருங்கள்! பிறகு சாவியை ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மாவும் இப்படிக் கழுவிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

“பாக்கியம், இது என்ன பலகை ஃபேக்டரிக்காரன் கட்டிக் கொடுத்த வீடா? தங்கவேலு மாமா வாடகைக்கு விட்ட வீடு. ஒன் புருஷன் பலகை அறுத்தா என்னா, அறுக்காட்டி என்னா, அவருக்கு என்ன வந்துச்சு?”

அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

“அப்படியாக்கா?” என்றாள் கடைசியில். “எங்களுக்கு அப்படித் தோணவே இல்லையே…”

இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். சித்தியவானில் மாரிமுத்துவின் அண்ணன் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். அவருடைய லயத்து வீட்டில் போய் ஒண்டிக்கொள்வது. லாரி பேச மாரிமுத்து கிளம்பிப் போயாயிற்று.

“அப்ப ஒன் வேலை?”

பாக்கியத்தின் முகம் சுருங்கியது. கையுறை ஃபேக்டரியில் அவளை அந்த மாதம்தான் நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தாள். சித்தியவானிலிருந்து ஜெலாப்பாங்குக்கு ஷிப்ட் வேலைக்குத் தினமும் வர முடியுமா? புருஷனுக்கு ஒரு வேலை போனதற்கு, இவளும் தன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருந்த வீட்டையும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். யாருமே கேட்காமல்!

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிள் சத்தம். தங்கவேலு மாமா.

இவரையும் சொல்லிவிட வேண்டும். பாக்கியம் இருந்த அதே தோட்டத்தில் தண்டல் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மர வரிசை என்று சொல்லிப் பால் வெட்ட அனுப்புகிறவர் தண்டல். ஓய்வு பெற்றதும் ஜெலாப்பாங்கில் வீடு வாங்கினார். பழைய தோட்டத்து ஆட்களுக்கே வாடகைக்கும் விட்டார். அதில் தப்பு சொல்ல மாட்டேன். தோட்டம் கை மாறி ஜனங்கள் தவித்தபோது “வாங்க, நான் இருக்கேன்” என்று சொன்ன மனுஷர்தான். ஆனால் இன்னும் காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை. அந்தக் காலுறையில் ஒரு நாள் ஒரு சேற்றுத் துளி நான் பார்த்ததில்லை.

சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், வாசலில் சாமானைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். பாக்கியம் மறைக்காமல் சொன்னாள்.

“ஓ… அப்படியா. சரி சரி. நல்லதாப் போச்சு. எங்க அக்கா மவனுக்குக் கல்யாணம் முடியப் போவுது, வீடு தேடிக்கிட்டு இருக்கான். இன்னைக்கே சொல்லிடறேன்.”

அவ்வளவு சுலபமாக முடிந்தது. நிமிஷ நேரம்கூட ஆகவில்லை. அடுத்து அவர் குரலை உயர்த்தினார் பாருங்கள்… பெரட்டுக் களத்துக் குரல்.

“பாக்கியம்! சாவிய எடு!”

உண்மையைச் சொல்கிறேன், கையில் தேத்தண்ணியோடு படியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் அவருக்கு வாடகை தருகிறவளும் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் பிறந்த கால் இரண்டும் தானாக எழுந்துவிட்டன. பாதித் தேத்தண்ணி சேலையில்!

பாக்கியத்தின் கையும் தானாகத்தான் போனது. இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். நீட்டினாள். அவரும் கையை நீட்டினார்.

பாக்கியம் நீட்டின கை பாதியில் நின்றது.

“மாமா,” என்றாள். “தரை இன்னும் காயல. ஈரத்தோட எப்படி ஒப்படைக்கிறது? காயட்டும்.”

தங்கவேலு மாமா தரையைப் பார்த்தார். முழுக்கச் சோப்புத் தண்ணீர். தன் வெள்ளைக் காலுறையைப் பார்த்தார்.

“சரி, திங்கக்கிழம வாரேன். எடுத்து வை.”

மோட்டார் தெருமுனை திரும்பியதும் பாக்கியம் ஈரத் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சாவி உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அக்கா, நான் எதுக்கு இத கொடுக்கணும்? வாடகை தப்பாம கொடுக்கறேன். இனியும் என் சம்பளத்துல கொடுப்பேன். நான் எதுக்குக் கொடுக்கணும், சொல்லுங்க?”

“கொடுக்காத,” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சட்டமும் தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

மெத்தையை ஒரு முனையில் நான் பிடித்தேன், மறுமுனையில் அவள். முருகனை முதலில் உள்ளே கொண்டுபோய் மாட்டினாள். லாரிக்காரரோடு மாரிமுத்து வந்து சேர்ந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் ஒட்டுக் கேட்கவில்லை. பலகைச் சுவர் வீடு, தெருவுக்கே கேட்டது.

“மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்றான் மாரிமுத்து. “நடுத்தெருவுல நின்னப்ப வீடு கொடுத்த மனுசன் அவரு. அவரு கேட்டு நாம இல்லன்னு சொல்றதா?”

“வீடு கொடுத்தாரு, இனாமாவா கொடுத்தாரு? மாசம் பொறந்தா வாடகை வாங்கிட்டுத்தானே போறாரு?”

“சூசா லா பாக்கியம், கஷ்டம்… ஊரு என்ன பேசும்?”

“ஊரு நம்மள சித்தியவான்ல ஒக்கார வச்சி சோறு போடுமா? லாரிய அனுப்புங்க.”

லாரி போனது. மாரிமுத்து அன்று முழுக்க வெளியே வரவில்லை. பாவம், அவனைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றி கெட்டவன் என்று ஒரு பேர் வந்துவிடுமே என்ற பயம் நம் ஆட்களுக்கு எப்போதும் உண்டு. வீட்டுக்காரரை ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால் வாடகைக்கு ரசீது கேட்கவே கூச்சமாக இருக்கும். உங்களில் எத்தனை பேர் ரசீது வாங்குகிறீர்கள்? எனக்குத் தெரியும், கை தூக்க வேண்டாம்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈப்போ டவுனில் ஒரு லாயரைப் பார்க்கப் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறாள். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?”

“பாக்கியத்துகிட்டத்தான்.”

“அப்பாடா!” என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன். நீங்கள் சொந்தமாக விருப்பப்பட்டு வீட்டைக் காலி செய்து, சாவியையும் கையில் கொடுத்துவிட்டால், அது உங்கள் சம்மதம். பிறகு அழுது பிரயோஜனம் இல்லை. ஆனால் நீங்கள் ஒழுங்காக வாடகை கட்டிக் குடியிருக்கும் வீட்டிலிருந்து, உங்கள் சம்மதம் இல்லாமல், சட்டத்தின் வழியே போகாமல், யாரும் உங்களைத் தூக்கி வெளியே போட முடியாது. வீட்டுக்குச் சொந்தக்காரரே ஆனாலும்தான். பூட்டுப் போடுவது, கூரைத் தகரத்தைக் கழற்றுவது, தண்ணீரை நிறுத்துவது — இதெல்லாம் சட்டம் காட்டுகிற வழி இல்லை. அப்படி வெளியே போட்டால் நீங்கள் கோர்ட்டுக்குப் போய், திரும்ப உள்ளே வரக் கேட்கலாம்.

“அப்ப அவரு வீடு அவருக்கு இல்லையா?” என்று கேட்டேன். நியாயமாகக் கேட்க வேண்டும் அல்லவா?

“அவருக்குத்தான்டி. வேணும்னா முறையா நோட்டீஸ் கொடுக்கட்டும், தவணை கொடுக்கட்டும். அப்பவும் இவங்க போகலைன்னா கோர்ட்டுக்கு வரட்டும். கோர்ட் போகச் சொன்னா இவங்க போய்த்தான் ஆகணும். அதுவரைக்கும் வாடகைய ஒரு நாளும் தவற விடாம கட்டச் சொல்லு. ரசீது கேட்கச் சொல்லு. சாவிய மட்டும் யாரு கேட்டாலும் கொடுக்க வேணாம்னு சொல்லு.”

இவ்வளவுதான் சட்டம். இதைத் தெரிந்துகொள்ள நான் லாயர் ஆபீஸ் படி ஏற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்தெந்த நாட்டு ராஜாக்களின் பேரெல்லாமோ சொல்லிக் கொடுத்தார்கள். குடியிருக்கிற வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை?

அன்று சாயங்காலம் சந்தோஷமாக பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன்… பாக்கியம் வீட்டு வாசலில் கூட்டம். கதவின் இரண்டு பக்கமும் வளையம் அடித்து, அதில் ஒரு சங்கிலி, சங்கிலியில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. அவள் வேலைக்குப் போன நேரம். மாரிமுத்து வேலை தேடிப் போன நேரம். சாவி வாங்க வந்த தங்கவேலு மாமா, வாசலில் சாமான் இல்லாததைப் பார்த்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே அடுப்பு, அரிசி, துணிமணி, சாமி படம் எல்லாம்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சுத்தியலை எடுத்துக்கொண்டு வா தம்பி என்று மாரிமுத்துவைப் பார்த்துக் கத்தினேன். பாக்கியம்தான் தடுத்தாள்.

“வேணாங்க்கா. நாம ஒடச்சா நாமதான் தப்புன்னு ஆயிரும். நீங்க லாயரப் பாத்தீங்களே, அவங்க என்ன சொன்னாங்க?”

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். சம்மதம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு இடுப்பைத் தட்டிப் பார்த்தாள். சாவி இருந்தது.

நேராகப் போலீஸ் நிலையம் போனோம். மேஜைக்குப் பின்னால் ஒரு இளம் மலாய்க்காரப் போலீஸ்காரர். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இனி கேஸ் சிவில், காக்.” இது கோர்ட் சமாச்சாரம் அக்கா, எங்கள் வேலை இல்லை என்று அர்த்தம்.

நான் வாதாட வாயைத் திறந்தேன். அதற்குள் பாக்கியம் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தோட்டத்துக் கடையில் கற்ற மலாய் அவளுடையது.

“தாப்பா, எஞ்சே. துலிஸ் சஜா.”

பரவாயில்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள், அது போதும் என்றாள். சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. போலீஸ்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு டைப்ரைட்டரை இழுத்தார். நன்றாகவே எழுதிக் கொடுத்தார், பாவம்.

என் வீட்டில் வந்து படு என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் பாயை விரித்தாள்.

“நான் இங்கேர்ந்து எந்திரிச்சா, அவளே போயிட்டான்னு சொல்லிடுவாங்கக்கா.”

கொஞ்ச நேரம் கழித்து மாரிமுத்துவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொசுவத்தியைக் கொளுத்தி அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

மறுநாள் என் லாயர் தோழி தங்கவேலு மாமாவுக்கு போன் போட்டாள். என்ன சொன்னாளோ தெரியாது. போலீஸ் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அதற்கு மறுநாள் விடிவதற்கு முன்பே மோட்டார் வந்து நின்றது. பெரட்டு நேரத்துக்கு எழுகிற பழக்கம் போகுமா?

மாமா சங்கிலியைக் கழற்றினார். முகம் கறுத்திருந்தது.

“என் பேர்ல போலீசுல எழுதிட்டல்ல, புள்ள? எங்க அக்கா மவனுக்கு நான் வாக்குக் கொடுத்துட்டேன். நீங்கதானே சாமான வெளிய வச்சீங்க? நீங்கதானே போறோம்னீங்க?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பாக்கியம் குனியவில்லை.

“ஆமா மாமா, வெளிய வச்சோம். தெரியாம வச்சோம். தோட்டத்து நெனப்புல வச்சோம். ஆனா சாவிய நான் கொடுக்கலையே. கொடுக்காத சாவிக்கு நீங்க எப்படி பூட்டுப் போட்டீங்க?”

மாமா சங்கிலியை மோட்டார் கூடையில் போட்டார்.

“தண்டல்கிட்டயே சட்டம் பேசறீங்களா? சரி. நானும் சட்டப்படியே வாரேன். நோட்டீஸ் அனுப்பறேன். போகலன்னா கோர்ட்டுதான்.”

“அனுப்புங்க மாமா. வாடகை மொத தேதி வந்து வாங்கிக்குங்க. வரும்போது ரசீது புத்தகம் கொண்டாந்திருங்க.”

இதைச் சொன்னது யார் தெரியுமா? மாரிமுத்து! தலை குனிந்தபடியேதான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

நோட்டீஸ் வரலாம். வழக்கு வரலாம். அதில் மாமாவே ஜெயிக்கலாம். அப்படியானால் இவர்கள் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது வரைக்கும் நேரம் இருக்கிறது. பாக்கியத்துக்கு வேலை இருக்கிறது, மாரிமுத்துவுக்கு வேலை தேட ஓர் ஊர் இருக்கிறது. கழுவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இதில் எது இருந்திருக்கும்?

நேற்றுக் காலை மறுபடியும் வாளிச் சத்தம். எனக்குத் திக்கென்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் பாக்கியம் வாசற்படியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

“என்னாடி மறுபடியும்?”

“வெள்ளிக்கிழமக்கா. கோலம் போடப் போறேன்,” என்றாள். கொஞ்சம் தயங்கினாள். “ஒண்ணு கேக்கணும். கோர்ட்டுன்னு போனா, அங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே?”

“ஆமா. வாசல்ல நின்னு சத்தமாக் கூப்பிடுவாங்க.”

“கூப்பிட்டா எந்திரிச்சி நிக்கணுமா?”

“நிக்கணும். பயப்படாத, நானும் கூட வாரேன்.”

“எனக்கென்னாக்கா பயம், நான் பெரட்டுல நின்னு பழகினவதானே,” என்றாள். “மாமாவும் நிக்கணுமா?”